குப்புறப் பாடுங்க, அம்மா

அம்மா வீடு திரும்பி இன்றோடு நாலு நாள். முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, கஞ்சியில் உப்பில்லை என்று தம்பி மனைவியிடம் குறைபட்டுக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கிய குரல் அது. கஞ்சிக்கு உப்புப் பற்றாது என்று சண்டை போட அதற்குத் தெம்பு வந்துவிட்டது.

நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. இந்த 2021 ஆகஸ்ட் எப்படிப் போனது என்று பினாங்கில் இருக்கும் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவை ஆம்புலன்சில் ஏற்றிய 26ஆம் தேதி, மலேசியா முழுக்க ஒரே நாளில் 24,599 பேருக்குக் கொரோனா தொற்று என்று செய்தியில் வாசித்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மூன்று பேர். நானும் தம்பியும் இருமலோடு தப்பினோம். அம்மா கேட்டகரி நாலு, ஆக்சிஜன் இல்லாமல் முடியாத நிலை. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. அவர் பெயர் எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது. அம்மா அவரை ‘மிஸி’ என்பார். வார்டில் இருந்த எல்லாத் தாதியரும் அவருக்கு மிஸிதான். ஆனால் இவரைச் சொல்லும்போது மட்டும் ‘நம்ம மிஸி’.

இரண்டாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவே கை வரவில்லை. போன வருஷம் ஏப்ரலில், கோலாலம்பூரில் இருந்த மாமா போய்விட்ட செய்தியும் இப்படித்தான் வந்தது, தெரியாத எண்ணிலிருந்து, ராத்திரியில். தம்பிதான் எடுத்துக் கொடுத்தான். “காக், ஜாங்ஙான் தக்குட்” என்று ஒரு பெண் குரல். அக்கா, பயப்படாதீங்க. விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொன்னார் பாருங்கள், அதற்கே தனியாக ஒரு நன்றி.

விஷயம் இதுதான். அம்மா குப்புறப் படுக்க வேண்டும், படுக்க மாட்டேன் என்கிறார். அம்மாவுக்கு மலாய் தெரியாமல் இல்லை. முப்பது வருஷம் பசாரில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிய மலாய். ‘மெனியாராப்’ என்றதும் அவருக்குப் புரிந்துதான் இருக்கிறது. அது கைக்குழந்தை கவிழ்ந்துகொள்வதற்குச் சொல்லும் சொல். “நான் என்ன குழந்தையா?” என்று தமிழில் கேட்டுவிட்டு மல்லாந்தே கிடந்திருக்கிறார். அதுபோக, குப்புறப் படுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று எங்களைச் சின்ன வயதிலிருந்து முதுகில் தட்டித் திருப்பிப் போட்டவர் அவர். காய்ச்சல் வேறு. அவரது கைப்பேசியும் சார்ஜ் இறங்கிக் கிடந்தது, நாங்கள் பேசிப் புரியவைக்கவும் வழியில்லை.

“தமிழில் எப்படிச் சொல்வது, காக்? நான் எழுதிக்கொள்கிறேன்” என்றார் மிஸி.

நான் சொன்னேன்: குப்புறப் படுங்க, அம்மா. அவர் திருப்பிச் சொன்னார். நான் திருத்தினேன். மறுபடி சொன்னார். இப்படி நாலைந்து தடவை. நடுவில், தன் வீட்டிலும் ஒருவன் இப்போதுதான் மெனியாராப் செய்யக் கற்றிருக்கிறான், ஐந்து மாதம், அவனையாவது நிமிர்த்திவிடலாம், அம்மாவைத்தான் கவிழ்க்க முடியவில்லை என்று சொல்லிச் சிரித்தார். அவர் பின்னால் ஏதோ ஒரு கருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அத்தனை படுக்கைகளுக்கு நடுவில் ஒருவர் ஒரு தமிழ் வாக்கியத்துக்காகச் செலவழித்த நேரம் அது. ஐந்து நிமிஷம் இருக்கும்.

அப்புறம் நடந்தது அம்மா சொல்லித் தெரியும். மிஸி வெள்ளை உடுப்பும் கண்ணாடியுமாக வந்து, கைப்பக்கம் மார்க்கரில் எழுதியிருந்ததைப் பார்த்து, சத்தமாக வாசித்தாராம்: “குப்புறா பாடுங்கா, அம்மா!”

ரூமியில், அதாவது மலாய்க்குப் பயன்படும் ஆங்கில எழுத்தில், எழுதி வாசித்தால் படுவது பாடுவதாகிவிடும். அம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. “எந்தப் பாட்டும்மா பாடணும்?” என்று கேட்டாராம். மிஸிக்கு அது புரியவில்லை, ஆனால் கிழவி சிரிப்பது புரிந்தது. இரண்டு பேரும் சிரித்தபடியே தலையணையை நெஞ்சுக்குக் கீழே வைத்து, மூக்குக் குழாயைச் சரிசெய்து, அம்மா கவிழ்ந்துவிட்டார். 89ல் நின்ற ஆக்சிஜன் அரை மணி நேரத்தில் 95. அதையும் மிஸி எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். எண் மட்டும்தான் இருந்தது அந்தப் படத்தில். அன்றைக்கு அதுவே எனக்கு அம்மாவின் முகம்.

மறுநாள் டாக்டர் அழைத்தபோது, சும்மா ஒரு படுக்கை மாற்றத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. மல்லாந்து கிடந்தால் இதயமும் மற்ற எடையும் அதன் மேல் அமுக்கும், அங்கே காற்று போகாது. கவிழ்ந்தால் அந்தப் பகுதி விரியும். மூச்சுக் கருவி பொருத்திய நோயாளிகளுக்கு இதைப் பல வருஷமாகவே செய்துவருகிறார்களாம். விழித்திருக்கும் நோயாளியும் இப்படிப் படுத்தால் பலன் உண்டா என்பதற்குப் பெரிய ஆய்வு முடிவு இந்த ஆகஸ்டில்தான் வெளியாகியிருக்கிறது. ஆறு நாடுகள், 1,100க்கும் மேற்பட்ட நோயாளிகள். வழக்கமான கவனிப்பில் 100க்கு 46 பேர் தொண்டைக் குழாய்வரை போனார்கள் அல்லது இறந்தார்கள். குப்புறப் படுத்தவர்களில் அது 40. ஆறு பேர் வித்தியாசம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், அந்த ஆறில் நம் வீட்டு ஆள் இல்லாதவரைக்கும்.

மாமாவின் நினைப்பு அப்போதுதான் வந்தது. அவரைப் பார்த்த டாக்டர்கள் குறை வைத்ததாக நான் நினைக்கவில்லை. அன்றைக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். மலேரியா மாத்திரை கொடுத்தார்கள், அப்போது உலகமே அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மாமா போனது ஏப்ரல் 20. ஜூன் 16ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து செய்தி வந்தது: டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால், மூச்சுக் கருவியில் இருப்பவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அறுபது வருஷப் பழைய மருந்து, விலையும் மலிவு. எட்டு வாரம் முந்தியிருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

அம்மாவுக்கு அதே மருந்து தினம் 6 மில்லிகிராம், பத்து நாள். அவருக்கு இனிப்பு நீர் இருப்பதால் சர்க்கரை எகிறியது, இன்சுலின் போட்டுப் பிடித்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் தினமும் ஊசி (இதைப் பற்றிய புகார் இன்னும் ஓயவில்லை). மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன். தொண்டைக் குழாய்வரை போகவில்லை. இரண்டாவது தடுப்பூசிக்கு வரச் சொல்லி அரசின் கொரோனா செயலியான மைசெஜாத்ராவில் தகவல் வந்தபோது, அம்மா வார்டில் குப்புறப் படுத்துக்கொண்டிருந்தார்.

அலை இந்த முறை பெரிது, வார்டில் இடமில்லை, எல்லாம் போன வருஷத்தைவிட மோசம். வைத்தியம் மட்டும் தேறியிருக்கிறது. அது யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தேன். அந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் 2,104 பேருக்கு மருந்து கொடுத்தார்கள், 4,321 பேருக்கு அது இல்லாமல் வழக்கமான சிகிச்சை. யாருக்கு எது என்பது கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கியதுபோல. மருந்து கிடைத்தவர்களுக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றும். கிடைக்காத பக்கம் விழுந்த 4,321 பேருக்கும் இங்கே தனியாகக் கும்பிடு போடுகிறேன். அவர்கள் இல்லாமல், இவர்கள் பிழைத்தது மருந்தால்தான் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிமீட்டரைக் கேட்காமலேயே வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போன எதிர்வீட்டுச் சீன அங்கிள். அது 91 காட்டியிராவிட்டால், ‘களைப்புதான்’ என்று அம்மா சொன்னதை நம்பி இன்னொரு நாள் கடத்தியிருப்போம். மூன்று வாரமும் சாப்பாடு அனுப்பிய எங்கள் ஃப்ளாட் மக்கள். அம்மாவின் கண்ணாடியையும் விபூதிப் பொட்டலத்தையும் வார்டுவரை சேர்த்த காவலாளி. ஆம்புலன்ஸ் ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், தண்ணீர்மலை முருகனிடம் எங்களுக்காக வேண்டிக்கொண்ட தோழிகள். எல்லோருக்கும் நன்றி.

மிஸியின் முகத்தைப் பார்க்கவில்லை என்றேன். அம்மாவும் பார்த்ததில்லை, கண் மட்டும்தான். 1910, 11ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, மருத்துவர்களையும் தாதியரையும் துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசம் போடச் சொல்லி அடம்பிடித்த டாக்டர் வூ லியன் தே, நம் பினாங்கில் பிறந்தவர். உங்கள் முகத்தை மறைத்துவைத்த பழியில் எங்கள் ஊருக்கும் கொஞ்சம் பங்குண்டு, மிஸி.

ஒரு காரியம் செய்திருக்கிறேன். வார்டில் தேவைப்படும் முப்பது தமிழ்ச் சொற்களை, மலாய் அர்த்தத்தோடு, ரூமியில் எழுதி ஒரு தாளாக்கினேன். வலிக்குதா, மூச்சு முட்டுதா, தண்ணி வேணுமா, பயப்படாதீங்க. ‘படுங்க’வுக்கு மட்டும் எப்படி எழுதினாலும் பாட்டுதான் வருகிறது. அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மறு பரிசோதனைக்கு அம்மாவைக் கூட்டிப்போகும்போது பிரதிகளைக் கொடுத்து, வார்டுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். வேறு மருத்துவமனையில் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.

மிஸி, இதை யாராவது உங்களுக்கு மலாயில் சொல்வார்கள் என்று நம்புகிறேன். அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். உங்கள் பையன் இப்போது உட்கார ஆரம்பித்துவிட்டானா?