வெள்ளச்சியைக் குளிப்பாட்டிய பாய்க்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்ததும் முதலில் பேர்களைத்தான் எழுத ஆரம்பித்தேன். நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்ட பாப்பாவின் கலர் அடிக்கிற நோட்டில் 27 பேர் வரை வந்தது. அப்புறம் நிறுத்திவிட்டேன். பத்திரிகையில் ஒரு பேர் விட்டுப் போனால் எங்கள் குப்பத்தில் என்ன நடக்கும் என்று, இங்கே ஒரு கல்யாணம் பண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் யார் பேரும் போடவில்லை. படிக்கும்போது "இது நான்தானே" என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

2023 டிசம்பர் 4 ராத்திரி, புயலில் எங்கள் எண்ணூருக்குள் தண்ணீர் வந்ததையும், தண்ணீரோடு அந்தக் கறுப்பு எண்ணெய் வந்ததையும் நான் எழுதப் போவதில்லை. டிவியில் பார்த்தீர்கள், பேப்பரில் படித்தீர்கள். நம்மில் பாதிப் பேருக்கு நகக்கண்ணில் இன்னும் அந்தக் கறுப்பு இருக்கிறது. யார் செய்தது, யார் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் தனியாக மனு கொடுத்திருக்கிறோம். இது மனு இல்லை.

எங்கள் வீடு முகத்துவாரத்துக்குப் பக்கம், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஷீட் போட்ட வீடு. மேப்பில் கொசஸ்தலை ஆறு என்று போட்டிருக்கும், எங்களுக்கு வெறும் ஆறு. ஒரு முருங்கை, ஒரு தென்னை, இரண்டு ஆடு, ஐந்து கோழி, அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பொதுவாக ஒரு பைபர் படகு. அவ்வளவுதான் எங்கள் சொத்து. சொத்து என்று அதுவரைக்கும் நினைத்ததில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பினோம். சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக. படுக்கிற கோரைப்பாய், பால்வாடி யூனிபார்ம், அரிசி டின் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே.

வெள்ளச்சி என்பது பாப்பாவின் கோழி. பாப்பாவுக்கு நாலு வயது, கோழிக்கு ஒன்றரை. தண்ணீர் வந்த ராத்திரி வெள்ளச்சி முருங்கையில் ஏறித் தப்பித்துக்கொண்டாள். மற்ற நாலில் இரண்டு செத்துப்போயின, இரண்டு போன இடம் தெரியவில்லை. தண்ணீர் வடிந்ததும் இவள் இறங்கி வந்து, தினமும் மண்ணில் புரளுகிற அதே குழிக்குப் போய்ப் புரண்டிருக்கிறாள். அந்தக் குழியில் அன்றைக்கு மண் இல்லை. நாங்கள் பார்க்கும்போது தார் டின்னில் முக்கி எடுத்த மாதிரி, கண் மட்டும் தெரிய, மரத்தடியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததிலிருந்து பாப்பா பேசவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தாலாவது எனக்குக் கை கால் ஓடியிருக்கும். அவள் காலிலும் முழங்கால் வரை கறுப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் துடை, போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தேன். எரிந்திருக்கிறது. அதற்கப்புறம் நான் செம்பை எடுத்தாலே சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டாள். அது என் தப்புதான்.

சனிக்கிழமை, 9-ஆம் தேதி, எர்ணாவூரிலிருந்து சில பையன்கள் பிரெட்டும் பால் பாக்கெட்டும் கொண்டுவந்தார்கள். அவர்களோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு பாய் வந்தார். அவர் கறிக்கடை வைத்திருக்கிறவர் என்று எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ வாங்குகிற கடைதான். பால் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், பாப்பா மடியில் பழந்துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தார். வண்டியை ஸ்டாண்டு போட்டார்.

"இன்னா பாப்பா, இவங்களைக் குளிப்பாட்டிடலாமா?"

பாப்பா பதில் சொல்லவில்லை, ஆனால் துணியை விலக்கிக் காட்டினாள்.

"தேங்காய் எண்ணெ இருக்காம்மா? பாத்திரம் தேய்க்கிற லிக்விட்? சுடுதண்ணி நிறைய வேணும், கை பொறுக்கிற சூடு போதும்."

எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மிதந்து போயிருந்தது. எதிர்வீட்டு அக்கா மூன்று செங்கல்லை வைத்து, காய்ந்த மட்டை தேடி எடுத்து அடுப்பு மூட்டினார். லாரித் தண்ணீர் வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளந்து பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு கோழிக்காக அந்த அக்கா இரண்டு குடம் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

பாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் ஈரத்துணி நுனியால் கண்ணையும் மூக்கு ஓட்டையையும் அலகையும் துடைத்தார். அலகை இரண்டு விரலால் லேசாகப் பிடித்தபடியே இருந்தார். கோழி சும்மா இருக்காதாம். இறகைக் கோதிக் கோதியே அந்த எண்ணெயை எல்லாம் வயிற்றுக்குள் இறக்கிவிடுமாம். செத்துப்போன இரண்டும் எப்படிச் செத்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி இறகு இறகாகத் தடவினார். "எண்ணெயை எண்ணெயாலதாம்மா எடுக்கணும். இறகு போற பக்கமே தடவணும், எதிர்ப்பக்கம் தேய்ச்சா ஒடிஞ்சிடும்." கறுப்பு இளகி அவர் கை வழியாக முழங்கை வரை வழிந்தது.

பிறகு அன்னக்கூடையில் சுடுதண்ணீர், அதில் கொஞ்சம் லிக்விட். கோழியைக் கழுத்து வரை இறக்கி, இறக்கைக்கு அடியில் விரலை விட்டு அலசினார். தண்ணீர் காப்பி டிக்காஷன் மாதிரி ஆனதும் கொட்டிவிட்டு வேறு தண்ணீர். பாப்பாவிடம் "எத்தனாவது தண்ணின்னு நீதான் கணக்கு வச்சுக்கணும்" என்று வேலை கொடுத்தார். நாலாவது தண்ணீர் ஊற்றும்போது அவள் "நாலு" என்றாள். பேச்சு நின்று மூன்று நாளாகியிருந்தது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்துவிட்டுப் புகையைத் திட்டினார்.

ஏழாவது தண்ணீர் வெறும் தண்ணீர், சோப்பு இல்லாமல். நுரை துளி தங்கினாலும் இறகு தண்ணீரைக் குடித்துக் கோழி குளிரிலேயே போய்விடும் என்றார். தோளில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பார்த்தார். தாமரை இலையில் மாதிரி உருண்டு ஓடியது. "ஆச்சு."

நடுவில் நான் கேட்டேன், உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் பாய் என்று. பாப்பா காதில் விழாமல் சொன்னார்: "கோழியைச் சுடுதண்ணில போடறது எனக்கு டெய்லி வேலைம்மா. உசுரோட வெளிய எடுக்கறதுதான் இன்னிக்குப் புதுசு." அவர் கடையிலும் தண்ணீர் புகுந்து கூண்டோடு கோழிகள் போயிருந்தன. அதை அவர் சொல்லவில்லை. கூட வந்த பையன் சொன்னான்.

பிரெட் வந்த அட்டைப்பெட்டியில் துணி விரித்து, சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்து, வெள்ளச்சியை விட்டார். அவள் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். வெள்ளை என்று சொல்ல முடியாது, பழைய பேப்பர் நிறம். பாப்பா அந்தப் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து காலியான அன்னக்கூடைக்குள் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு, "எனக்கும்" என்றாள்.

அன்றைக்கு அதே தேங்காய் எண்ணெயை நான் அவள் காலில் தடவினேன். அதே மாதிரி மேலிருந்து கீழாக. மேலே பயத்தம் மாவு. தோல் தெரிய ஆரம்பித்ததும் முழங்காலில் இருந்த பழைய தழும்பு வந்தது, படியில் விழுந்தது. அந்தத் தழும்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால் பாய் போய்விட்டிருந்தார். ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை.

அந்த வாரம் எண்ணெய் பூசிக்கொண்ட கூழைக்கடாவைப் படம் எடுக்க நிறையப் பேர் வந்தார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கூழைக்கடாவும் உயிர்தான், அந்தப் படங்கள் வந்ததால்தான் ஊரே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் எங்கள் கோழிக்காக ஒருவர் தரையில் உட்கார்ந்ததை யாரும் படம் எடுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். கையுறைகூட இல்லாமல் மக்கால் எண்ணெயை மொண்டு மொண்டு பேரலில் ஊற்றிய நம் குப்பத்துத் தம்பிகளுக்கு, அவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் தேடி வாங்கி வந்த காலேஜ் பிள்ளைகளுக்கு. சேற்றில் கிடந்த எங்கள் ரேஷன் கார்டுகளைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தவருக்கு; அந்தக் கார்டு இல்லாவிட்டால் அரசாங்கம் கொடுத்த 6000 ரூபாய் நிவாரணத்துக்கு இன்னும் அலைந்துகொண்டிருப்போம். அரிப்புக்கு மருந்து கொடுத்த கேம்ப் டாக்டரம்மாவுக்கு. தண்டையார்பேட்டையிலிருந்து ஆறு கவுன் அனுப்பியவருக்கு. ஒன்றில் விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை, பொங்கலுக்கு அதுதான். ஆடுகளை மீஞ்சூரில் கட்டி வைத்துப் பார்த்துக்கொண்ட என் நாத்தனாருக்கு. டிசம்பர் 26-ஆம் தேதி நடுராத்திரி உரக் கம்பெனிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு எங்களையும் இன்னும் ஆறு பேரையும் ஒரே ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போன அண்ணனுக்கு. காசு வாங்கவில்லை, அட்டைப்பெட்டியில் கோழி இருந்ததற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

சொந்தக்காரர்கள் எல்லாரும் போதும், செங்குன்றம் பக்கம் வந்துவிடுங்கள் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் பேசுவதே இல்லை, காலையில் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அனல் மின் நிலையத்துச் சாம்பல் சேர்ந்து சேர்ந்து ஏற்கெனவே ஆழம் போன ஆறு. இறால் பிடித்தாலும் எண்ணூர் இறால் என்றால் மார்க்கெட்டில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். போவதா இருப்பதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. நாளைக்குப் போகி. பழசு என்று எரிக்க எங்களிடம் எண்ணெயில் ஊறிய அந்தக் கோரைப்பாய் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கொளுத்தினால் எண்ணூரே பற்றிக்கொள்ளும் என்று எதிர்வீட்டு அக்கா சிரிக்கிறார். கொளுத்த மாட்டேன், பயப்படாதீர்கள்.

பாய், கடைசியாக உங்களுக்கு ஒரு விஷயம். வெள்ளச்சி போன வியாழக்கிழமை முட்டை போட்டாள், புறா முட்டை அளவுக்கு. ஒரு மாதத்துக்கு அவள் முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று பையனிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள், மாதம் முடிந்துவிட்டது. ஆனாலும் பாப்பா யாரையும் தொட விடவில்லை, அரிசி டின்னில் புதைத்து வைத்திருக்கிறாள். கோழி டாக்டருக்குத்தானாம். நீங்கள் கோழி டாக்டர் என்றுதான் அவள் பால்வாடி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், நானும் திருத்தவில்லை. உங்களை நேரில் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று நச்சரிக்கிறாள்.

16-ஆம் தேதி திருவள்ளுவர் தினம், கறிக்கடை எல்லாம் மூடியிருக்கும். அன்றைக்கு அழைத்து வருகிறேன். கூண்டு மேல் மட்டும் ஒரு படுதாவைப் போட்டு வையுங்கள், பாய்.