முப்பத்தேழாவது ஆள்

அன்புள்ள ஹார்வி ஹேடிக்ஸ் அவர்களுக்கு,

நீங்கள் 1994 ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த ஒரு இரவைப் பற்றி வந்த கடிதங்களைப் படித்தே உங்களுக்கு அலுத்துப்போயிருக்கும். ஆனாலும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு பேஸ்பாலின் கணக்குப் புத்தகத்தோடு ஒரு வழக்கு இருக்கிறது.

1959 மே 26, மில்வாக்கி. உடம்பில் ஃப்ளூ. ஐந்தடி ஒன்பது அங்குல இடக்கைக்காரர் நீங்கள், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காகப் பந்து வீசினீர்கள். எதிரே, முந்தைய இரண்டு ஆண்டுகளும் நேஷனல் லீக்கை வென்ற மில்வாக்கி பிரேவ்ஸ். இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸில் 27 பேர் வந்தார்கள். நான்கு தளங்களைச் சுற்றி வந்தால்தான் ஒரு ரன்; ஒருவர்கூட முதல் தளத்தையே மிதிக்கவில்லை. வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்தான்; ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். உங்கள் ஆட்களோ எதிரணிப் பந்துவீச்சாளர் லூ பர்டெட்டிடம் 12 ஹிட் (அடித்துத் தளம் சேர்வது) அடித்தும் ஒரு ரன் எடுக்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நீங்கள் வீசிக்கொண்டே இருந்தீர்கள். வந்த 36 பேரும் அவுட். இத்தனைக்கும், என்ன பந்து வீசுவது என்று உங்கள் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) காட்டும் விரல் சைகைகளை எதிரணியினர் தூரத்திலிருந்து படித்து, துண்டை அசைத்து பேட்ஸ்மேன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்!

பதின்மூன்றாவது இன்னிங்ஸ். முப்பத்தேழாவது ஆள் மான்டிலா தரையோடு அடித்த பந்தை எடுத்த உங்கள் அணியின் டான் ஹோக், முதல் தளத்துக்குப் பிசகாக எறிந்தார். மாத்யூஸ் பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட்டாகி, மான்டிலாவை இரண்டாம் தளத்துக்கு அனுப்பினார். ஹாங்க் ஆரனுக்கு வேண்டுமென்றே முதல் தளத்தைக் கொடுத்தீர்கள். அடுத்து ஜோ அட்காக். பந்து வேலியைத் தாண்டியது; நம் சிக்ஸர் மாதிரி, அதுதான் ஹோம் ரன். அதைக் கவனிக்காத ஆரன், மான்டிலா ஓடியதோடு கதை முடிந்தது என்று பாதையை விட்டு விலகி நடந்தார். அட்காக் அவரைத் தாண்டி ஓடிவிட்டார். முன்னால் ஓடுபவரைத் தாண்டக் கூடாது என்பதால் ஹோம் ரன் செல்லாது, வெறும் டபுள் (இரண்டாம் தளம் வரைக்குமான அடி) என்று தீர்ப்பானது. முடிவு 1-0. பேஸ்பாலில் வெற்றி தோல்வியை ஒரு பந்துவீச்சாளர் பெயரிலும் எழுதுவார்கள்; தோல்வி உங்கள் பெயரில்.

1953இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு 20 ஆட்டங்களை வென்று கொடுத்தவர் நீங்கள். மறு ஆண்டு ஒருவர் அடித்த பந்து முழங்காலுக்குக் கீழே மோதியது; அதற்குப் பிறகு பழைய வேகம் வரவில்லை என்கிறார்கள். அடித்தவர் இதே அட்காக்.

இனி என் வழக்கு. 1960 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். இரண்டு ரன் முன்னிலையோடு உங்களிடம் பந்தைக் கொடுத்தார்கள். எதிரணி யாங்கீஸ் 9-9 என்று சமன் செய்தது. பிறகு உங்கள் அணியின் மசரோஸ்கி ஒரு ஹோம் ரன் அடித்தார், பைரேட்ஸ் சாம்பியன். வெற்றி யார் பெயரில் ஏறியது? உங்கள் பெயரில்தான். முன்னிலையைக் கைநழுவ விட்டவருக்கு வெற்றி, 36 பேரை வரிசையாக வீழ்த்தியவருக்குத் தோல்வி. 136 வெற்றி, 113 தோல்வி என்ற உங்கள் கணக்கில் அந்த மில்வாக்கி இரவு 113க்குள் கிடக்கிறது. போதாததற்கு 1991இல், ஆட்டம் முடியும்வரை ஹிட்டே கொடுக்காமல் இருந்தால்தான் கணக்கு என்று விதியைத் திருத்தி, ஹிட் கொடுக்காத ஆட்டங்களின் பட்டியலிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். “நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் இருந்துவிட்டீர்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

டெக்சாஸ் கல்லூரி மாணவர்கள் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரே வரிதானாம், அதுவும் ‘உன் தலைவிதி’ என்று பொருள்படும் வசை. முதலில் கோபப்பட்ட நீங்கள், யோசித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் சொன்னதுதான் சரி என்றீர்களாம். நான் இவ்வளவு எழுதியும் அந்த ஒரு வரியைத் தாண்டவில்லை.

அன்புடன்,
உங்கள் ஆட்டத்தை ஸ்கோர் அட்டையில் மட்டுமே பார்த்த ஒருவன்