முதன்முறையாகவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெவி மெட்டல் என்னும் அதிரடி ராக் இசையின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் கடைசிக் கச்சேரி பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். "காட்டுக் கத்தலுக்குப் பேர்போன இந்த ஹெவி மெட்டல் கூட்டம் முதன்முறையாக ஒரு நல்ல காரியத்துக்காக மேடையேறியது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதன்முறையாகவாம்!

தாங்கள் அறியாததா? 1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியில், ஃபிலடெல்பியா மேடையில் ஆஸியின் பிளாக் சப்பாத் குழு பாடியது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில், அந்தக் கடைசிக் கச்சேரியில் சேர்ந்து நின்ற அதே நால்வர்தான் அன்றும். நாற்பது வருஷம் கழித்து "திருந்திவிட்டார்கள்" என்று தாங்கள் சான்றிதழ் கொடுக்கிறீர்கள். அதே 1985இல் மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவும் அவர் குழுவினரும் மெட்டல் கலைஞர்கள் நாற்பது பேரைத் திரட்டி 'ஹியர் அன் எய்ட்' என்ற பெயரில் பஞ்ச நிவாரணத்துக்கே ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். பிற நட்சத்திரங்களின் நிதிப் பாடல்களில் இவர்களை யாரும் சீந்தவில்லை என்பதுதான் அதற்குக் காரணம். சீந்தாத வழக்கம் இன்னும் தொடர்கிறது போலும்.

குறைதான் சொல்ல வேண்டுமென்றால் அதற்கும் சரக்கு இருக்கிறதே, ஐயா. 1989 ஆகஸ்டில் மாஸ்கோ லெனின் அரங்கில் இரண்டு நாள் அமைதி இசை விழா நடந்தது. போதை ஒழிப்புக்கு என்று அறிவித்தார்கள். நடத்திய டாக் மெக்கீயோ கஞ்சாக் கடத்தல் வழக்கில் தண்டனை பெற்றவர்! பாடிய சிலருடைய பழக்கவழக்கங்களும் ஊரறிந்தவை. அதை எழுதியிருந்தால் வம்புக்கு வம்பும் ஆச்சு, உண்மைக்கு உண்மையும் ஆச்சு.

2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் கச்சேரிக்குப் போயிருந்தேன். முட்டி மோதும் கூட்டத்தில் என் ஒரு காலணி கழன்றுவிட்டது. கைமுழுக்கப் பச்சை குத்திய பையன் ஒருவன் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் போய்ச் சேரும்வரை அசையாமல் நின்றான். யாராவது விழுந்தால் நாலு கை உடனே தூக்கிவிடும். மார்கழிக் கச்சேரியில் என் காலை மிதித்துக்கொண்டு கேன்டீனுக்குப் போன பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி வருஷாவருஷம் சிறப்பிதழ் போடுகிறீர்கள், போடுங்கள்.

'சீரழியும் இளைய தலைமுறை' அட்டைப்படத்துக்கு எங்கிருந்தோ ஒரு நீள்முடி கிட்டார்காரரைப் பிடித்துப் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். இரண்டு வரி வந்தது, அதுவும் தங்களைப் பாராட்டிய இரண்டு வரி. உடையைப் பார்த்து ஆளை எடைபோடுவது சின்ன விஷயமில்லை. கறுப்பு உடை, ஒப்பனை என்று வித்தியாசமாகத் தெரிந்ததற்காகவே சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண்ணை 2007இல் இங்கிலாந்தின் பேக்கப் நகரப் பூங்காவில் அடித்தே கொன்றார்கள். பிளட்ஸ்டாக் மெட்டல் விழாவில் ஒரு மேடைக்கே அவர் பெயர்தான். அவர் பெயரிலான அறக்கட்டளைக்குத் துணை நிற்பவர்கள் தங்களுடைய 'காட்டுக் கத்தல்' ரசிகர்களே.

என் வேண்டுகோள் சின்னதுதான். வில்லா பார்க் வருமானம் 14 கோடி பவுண்ட் என்று போட்டிருக்கிறீர்கள். அந்தத் தொகை சரியில்லை என்று ஆஸியின் மனைவி ஷாரன் ஆஸ்போர்னே சொல்லிவிட்டார். பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும், பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், ஏகார்ன்ஸ் குழந்தைகள் நல்வாழ்வு இல்லத்துக்கும் போகும் பணம் அது. கணக்கைத் தப்பாகச் சொல்லக் கூடாது. ஆஸிக்கும் பார்க்கின்சன் நோய் இருந்ததைக் கட்டுரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. இவற்றுக்கும் 'முதன்முறை'க்கும் சேர்த்து மூன்று வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு விருச்சிகம், அதையே எடுத்துவிடுங்கள், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
ஈரோடு