641 இல் உடையும் எண்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். 4294967297 முதன்மை எண்ணா என்று பார்க்கும் உன் புரோகிராம் ஏன் பிழையான விடை தருகிறது என்று கேட்டிருந்தாய். வகுக்கும் முறையில் பிழை இல்லை. எண்ணை வைத்த இடம்தான் போதவில்லை. இது 2³² + 1. குறியில்லாத 32 பிட் இடத்தில் 4294967295 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் பூச்சியத்திலிருந்து திரும்பத் தொடங்கும். நீ கொடுத்த எண் உள்ளே போய் 1 ஆகிவிட்டது. 64 பிட்டுக்கு மாற்று.

மாற்றிவிட்டு 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போகாதே, பிள்ளை. வர்க்கமூலம் வரைக்கும் 6542 முதன்மை எண்கள் இருக்கின்றன. கொம்பியூட்டருக்கு அது ஒரு கணம்தான். ஆனால் எண்ணின் குணம் உனக்குப் பிடிபடாது.

2 இன் சுட்டியாக 1, 2, 4, 8, 16 என்று வைத்து 1 ஐக் கூட்டினால் வருபவை பெர்மா எண்கள். 3, 5, 17, 257, 65537 எல்லாம் முதன்மை எண்களாக வந்ததால், அடுத்த இந்த எண்ணும் அப்படித்தான் என்று கணித மேதை பெர்மா நம்பினார். 1732 இல் இன்னொரு கணித மேதை ஒயிலர் அதை 641 ஆல் வகுத்துக் காட்டினார். அவர் குருட்டாம்போக்கில் தேடவில்லை. இதன் முதன்மைக் காரணி எதனாலும் 2³² ஐ வகுத்தால் மீதி −1, அதாவது சரியாக வகுபட ஒன்று குறையும். ஆகவே 2⁶⁴ க்கு மீதி 1. 64 க்குக் குறைந்த எந்தச் சுட்டிக்கும் மீதி 1 வராது; 64 இன் மடங்குகளுக்குத்தான் வரும். பெர்மாவின் சிறிய தேற்றப்படி, காரணியில் 1 ஐக் கழித்து 2 க்குச் சுட்டியாக வைத்தாலும் மீதி 1. அதனால் காரணியில் 1 ஐக் கழித்தால் அது 64 ஆல் வகுபட்டே ஆக வேண்டும். பிறகு லூக்கா என்ற கணிதர் அதை 128 ஆக்கினார். இனி 129, 257, 385, 513, 641 என்று போ. 129, 385, 513 மூன்றும் சேர்த்தி எண்கள், அதாவது முதன்மை அல்லாதவை; முதன்மைக் காரணியாக வராது. 257 பெர்மா எண். இரண்டு பெர்மா எண்களுக்கு 1 ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஆக, வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641!

கொப்பியில் செய்து பார். 2⁸ = 256. அதன் வர்க்கம் 65536. 641 ஆல் வகுக்க மீதி 154. 154 இன் வர்க்கம் 23716. 641 × 37 = 23717, ஒன்று குறைகிறது. எனவே 2³² க்கு மீதி −1; 1 ஐக் கூட்டப் பூச்சியம். ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு போவதால் 32 பிட்டே தாராளம்.

மற்றக் காரணி 6700417. அதற்கும் அதே 128 விதிதான். வர்க்கமூலம் 2588 அளவில் வருவதால் 641, 769, 1153, 1409 நாலையும் பார்த்தால் போதும். மீதிகள் முறையே 44, 120, 334, 622. அதுவும் முதன்மை எண்தான்.

இன்னொன்று கவனம். பெர்மாவின் சிறிய தேற்றத்தை வைத்து, எண்ணில் 1 ஐக் கழித்துச் சுட்டியாக்கி மீதி 1 வருகிறதா என்று சோதிப்பதென்றால் 2 ஐ அடியாக எடுக்காதே. 2⁶⁴ க்கே மீதி 1 வந்துவிடுவதால், 64 இன் மடங்கான 2³² ஐச் சுட்டியாக வைத்தாலும் 1 தான் வரும். சேர்த்தி எண் முதன்மை எண் வேடம் போட்டுக்கொண்டு நிற்கும். 3 ஐ அடியாக எடு. 1 வராமல் 3029026160 வந்தால் உன் புரோகிராம் சரி.

அன்புடன்,
அப்பா