ஒன்பது ஏ பிளஸும் ஒரு ஏ-யும்: கிழக்குச் சித்தூர் ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளின் வார்டு உறுப்பினர்களுக்கும், பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும், ஊர் மன்றங்களை நடத்தும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்ததும் நம் ஊர்களில் நடக்கும் ஒரு வழக்கத்தைக் கைவிடச் சொல்லிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பத்துப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளின் படத்தை மட்டும் போட்டு முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம். அவர்களை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுக்கிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். தென்னந்தோப்பிலும் கடலைக்காட்டிலும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளை படித்து மேலே வந்தால் ஊர் கொண்டாட வேண்டும்தான். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தின் வாசலுக்கு வெளியே, ஒரே ஒரு மதிப்பெண் தூரத்தில் நிற்கும் பிள்ளைகளை நான் ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன். இங்கே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கும் வேதியியலும் டியூஷன் எடுக்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் நன்றாகப் படிக்கிறவர்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஒன்பது பாடத்தில் ஏ பிளஸ், வேதியியலில் ஏ. மந்திரி திருவனந்தபுரத்தில் முடிவை அறிவித்து முடித்து, இணையதளம் திறந்து, செல்போனில் அந்த வட்டம் சுற்றிச் சுற்றி நின்றபோது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். பட்டியல் வந்ததும் அவள் அம்மா முதலில் சிரித்துவிட்டார். அத்தனை ஏ பிளஸ்! இந்தப் பிள்ளை மட்டும் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி அந்த ஒற்றை ஏ-யையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக்கினால் பக்கத்தில் ஒரு பிளஸ் தெரியும் என்று நினைத்தவள் மாதிரி.

அன்று சாயங்காலம் மன்றத்துப் பையன்கள் இரண்டு பேர் ஃபிளெக்ஸுக்குப் போட்டோ வாங்க வந்தார்கள். இவள் நன்றாகப் படிப்பாள் என்று ஊருக்கே தெரியும், அதனால் நேரே வந்துவிட்டார்கள். "அக்கா, பாப்பாவுக்கு ஃபுல்தானே?" என்றான் ஒருவன். அம்மா, "ஒண்ணு மட்டும் ஏ தம்பி" என்றார். "அப்படியா... சரிக்கா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். பிளஸ் ஒன் விண்ணப்பத்துக்காக எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் படம் மேசைமேல் கவரோடு இருந்தது. அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குக் கொடுத்த பட்டியல் அப்படி. அதன்பின் அந்தப் பிள்ளை பல நாள் கடைக்குப் போக மறுத்தாள். வழியில் யார் பார்த்தாலும் அதே கேள்விதான்: "ஃபுல்லா?"

இந்த ஏ என்பது என்ன என்று நிதானமாகப் பார்ப்போம். கேரளப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 90-ம் அதற்கு மேலும் ஏ பிளஸ், 80 முதல் 89 வரை ஏ. வேதியியலுக்கு மொத்தம் 50 மதிப்பெண்: எழுத்துத் தேர்வு 40, பள்ளியிலேயே போடும் தொடர் மதிப்பீடு 10. தொடர் மதிப்பீட்டில் முழுதாக வாங்கிய பிள்ளை எழுத்தில் 35 எடுத்தால் ஏ பிளஸ், 34 எடுத்தால் ஏ. வித்தியாசம் ஒரே ஒரு மதிப்பெண். ஒரு சமன்பாட்டைச் சமப்படுத்த மறந்திருக்கலாம், ஓர் அலகு எழுதாமல் விட்டிருக்கலாம். முடிவில் தரம் மட்டும்தான் வெளிவருகிறது, மதிப்பெண் வருவதில்லை. அதனால் 34-இல் விட்டோமா 31-இல் விட்டோமா என்றுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் மனசு எப்போதும் மோசமானதைத்தான் போட்டு நிரப்பிக்கொள்ளும்.

அப்புறம், எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்குகிறவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2020-இல் மாநிலம் முழுவதும் 41,906 பேர். 2021-இல் 1,21,318 பேர். 2022-இல் மறுபடி 44,363 பேர். ஒரே வருடத்தில் கேரளப் பிள்ளைகளின் மூளை மூன்று மடங்கு வளர்ந்து அடுத்த வருடமே சுருங்கிவிட்டதா? 2021-இல் எழுதியவர்களுக்குக் கொரோனாவால் அந்தப் படிப்பு வருடத்தின் பெரும்பகுதி பள்ளி மூடிக்கிடந்தது. குறிப்பிட்ட பாடப்பகுதிகளை மட்டும் படித்தால் போதும் என்று 'ஃபோகஸ் ஏரியா' வைத்தார்கள், விரும்பிய கேள்விகளை எழுத நிறைய இடம் கொடுத்தார்கள். 2022-இல் அந்தப் பகுதிக்கு வெளியிலிருந்தும் கேள்வி வந்தது. வினாத்தாள் மாறியது, எண்ணிக்கை மாறியது. அவ்வளவுதான். 2021-இல் எழுதியிருந்தால் ஃபிளெக்ஸில் இருந்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் 2022-இல் எழுதியதால் விட்டுப்போனார்கள். ஒவ்வொரு வருடமும் இடம் மாறும் ஒரு கோட்டை வைத்துக்கொண்டு ஊர் நடுவில் பிள்ளைகளைப் பிரித்து நிறுத்துகிறோம்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்த வருத்தம் ஏன் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று நிறையப் பேருக்குப் புரிவதில்லை. "ஒன்பது ஏ பிளஸ் வாங்கிட்டு என்ன அழுகை, எங்க பையன் டி பிளஸ்ல பாஸாயிட்டுக் கிரிக்கெட் ஆடப் போயிட்டான்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அவன் ஆடட்டும், சந்தோஷம். ஆனால் இவளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாரும் ஒரே பேரைத்தான் வைத்திருக்கிறோம்: படிக்கிற பிள்ளை. விருந்தாளி வந்தால் அப்படித்தான் அறிமுகம் செய்கிறோம். வேறு எதற்காகவும் அவளைப் பாராட்டியதில்லை. கீழே விழுந்து எழுந்து பழக்கமும் இல்லை, ஏனென்றால் விழுந்ததே இல்லை. முதல் தடவை விழும்போது, அந்த வேதியியல் தாளோடு தன் மொத்த அடையாளமும் போய்விட்டதாகத்தான் அந்த வயசுக்குத் தோன்றும். அதைச் சின்ன விஷயம் என்று சொல்லிச் சிரிக்காதீர்கள்.

ஆறுதல் என்ற பேரில் நாம் சொல்வதும் உதவுவதில்லை. "பரவாயில்லை" என்ற வார்த்தையை இவர்கள் நம்புவதில்லை. பரவாயில்லை என்றால் ஏன் ஃபிளெக்ஸில் போடவில்லை என்று பதிலுக்குக் கேட்டாள் என் மாணவி. என்னிடம் பதில் இல்லை. "பேப்பர் திருத்தினவன் சரியில்லை" என்று சொல்வது இன்னும் மோசம். அது பிள்ளையை ஒரு மாசம் கோபத்தில் உட்கார வைக்கும். முதல் இரண்டு மூன்று நாள் அழ விடுவதும், வேளைக்குச் சாப்பிட வைப்பதும், வருகிறவர் போகிறவர் கேள்வியிலிருந்து காப்பாற்றுவதும் போதும். அதற்கப்புறம்தான் பேச்சு.

பேச்சில் உண்மை இருக்க வேண்டும். ஒரு ஏ-யால் எந்த நஷ்டமும் இல்லை என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை, ஏனென்றால் கொஞ்சம் இருக்கிறது. பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளர முறையான ஏகஜாலகத்தில் தரத்தைப் புள்ளியாக மாற்றும்போது ஏ பிளஸுக்கு 9, ஏ-க்கு 8. முதல் அலாட்மென்டில் ஆசைப்பட்ட பள்ளியில் சயின்ஸ் கிடைக்காமல் போகலாம். ஆனால் அதே பள்ளி, அதே பஞ்சாயத்து, அதே தாலுகா என்பதற்குக் கூடுதல் புள்ளி உண்டு. அடுத்தடுத்த அலாட்மென்டுகளும் உண்டு. அதற்கு மேல் பாதிப்பு இல்லை. டாக்டராக ஆசைப்படும் பிள்ளைக்கு நீட் தேர்வில் பத்தாம் வகுப்புத் தரம் கணக்கிலேயே வராது. இதை அளவோடு, உள்ளது உள்ளபடி சொன்னால் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள்.

என் மாணவியைத் திரும்ப எழுப்பியது விடைத்தாள்தான். மறுமதிப்பீட்டுக்கும் நகலுக்கும் சேர்த்தே விண்ணப்பித்தோம். தரம் மாறவில்லை. நகல் வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். மோல் கணக்கில் படிகள் எல்லாம் சரி, கடைசி வரியில் 22.4-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருந்தாள். இன்னோர் இடத்தில் கேள்வியில் கேட்ட இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதியிருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்து அந்தக் கணக்கை நகலின் ஓரத்திலேயே மறுபடி போட்டாள். "இவ்வளவுதானா டீச்சர்?" என்றாள். இவ்வளவுதான். எங்கே போனது என்று கண்ணால் பார்த்துவிட்டால், தனக்கு மூளையே இல்லை என்ற நினைப்பு நிற்க இடமில்லாமல் போய்விடுகிறது.

இங்கேதான் உங்களிடம் என் வேண்டுகோள். மறுமதிப்பீட்டுக்கு ஒரு பாடத்துக்கு 400 ரூபாய், விடைத்தாள் நகலுக்கு 200 ரூபாய், மறுகூட்டலுக்கு 50 ரூபாய் என்று கட்டணம் வைத்து வருகிறார்கள். தரம் உயர்ந்தால் மறுமதிப்பீட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும், சரி. ஆனால் முதலில் கட்ட வேண்டுமே. கூலிக்காரர் வீட்டில் இரண்டு பாடத்துக்குச் சேர்த்துக் கட்டுவது லேசில்லை. விண்ணப்பிக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான் அவகாசம். அழுது முடிப்பதற்குள் தேதி போய்விடுகிறது. ஒரு ஃபிளெக்ஸ் அடிக்கிற செலவில் நாலைந்து பிள்ளைகளுக்கு விடைத்தாள் நகல் வாங்கிக் கொடுத்துவிடலாம். சாலையோரத்தில் பலகை வைக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் பலமுறை சொல்லியும் ஆயிற்று. அந்தப் பணத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள்.

பாராட்டு விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வையுங்கள், பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தரத்தைச் சொல்லாமல் பெயரை மட்டும் படியுங்கள். நம் பஞ்சாயத்துகளில் வருடத்துக்குச் சில நூறு பிள்ளைகள்தான் இருப்பார்கள், ஒரு மாலை போதும். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 2017-லேயே பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் அங்கே யாரும் படிப்பை விட்டுவிடவில்லை. நம் சொந்தபந்தம் பாதி அந்தப் பக்கம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. முடிவு வந்த அந்த வாரத்தில் பள்ளியில் ஒருவராவது உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்யுங்கள். விண்ணப்பம் போட்டுக் கொடுக்கவும், பிள்ளை சொல்வதைக் கேட்கவும். சாப்பாடு இறங்காமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒரு பிள்ளை நாள்கணக்கில் கிடந்தால் காத்திருக்காதீர்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். கேரள அரசின் திசா உதவி எண் 1056. இந்த இரண்டு எண்ணையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் முடிவு வருவதற்கு முன்பே எழுதிப் போடுங்கள்.

அடுத்த முடிவு வருவதற்குள் உங்கள் கூட்டங்களில் இதைப் பேசித் தீர்மானம் எடுங்கள். நகல் வந்த பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டுமே என்று கேட்பீர்கள். கணக்குக்கும் வேதியியலுக்கும் நான் வருகிறேன், எந்தப் பள்ளி என்றாலும் சரி, பணம் வேண்டாம். இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் ஆள் தேவை. ஓய்வு பெற்ற மாஷ்மாரும் டீச்சர்மாரும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை நீங்கள் போய்க் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு டியூஷன் டீச்சர்