சிநேகிதிக்கு: ஜீன் ரெஸ்ட்டும் எங்கட வேலையும்

அன்பான சிநேகிதிக்கு,

சுகமா இருக்கிறியே? அம்மான்ர முழங்கால் நோ குறைஞ்சிட்டுதாம் எண்டு தங்கச்சி சொன்னவள், கேக்கச் சந்தோசம். இஞ்ச சரியான வெயில்.

ஜீன் ரெஸ்ட் (மரபணுப் பரிசோதனை) எல்லாம் வந்தாப்பிறகு கான்சர் நேர்ஸிங் மாறுதோ எண்டு கேட்டனி. மாறுது தான். நாங்கள் படிக்கேக்க எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே கீமோ, ஒரே புத்திமதி. இப்ப மார்புக் கான்சர் கட்டியில ஹேர்2 எண்ட புரதம் கூடவா இருந்தால், அதாவது ஹேர்2 பொசிட்டிவ் எண்டால், ட்ரஸ்டுசுமாப் எண்ட மருந்து, அது இதயத்தைப் பாதிக்கலாம் எண்டதால இதயத்தையும் பாத்துக்கொண்டிருக்க வேணும். ஆனா ஹேர்2 கட்டியில வாற மாற்றம், பிள்ளையளுக்குப் போறதில்ல, அதை வடிவா விளங்கப்படுத்தாட்டி தாய்மார் மகளைப் பாத்துப் பாத்து அழுதுகொண்டிருப்பினம்.

பரம்பரையா வாறது வேற. பழுதானால் மார்புக் கான்சரும் சூலகக் கான்சரும் வாற சாத்தியத்தைக் கூட்டுற பிஆர்சிஏ1 ஜீனை 1994லயும் பிஆர்சிஏ2வை 1995லயும் கண்டுபிடிச்சவை. மார்புக் கான்சரில 5–10 வீதம் தான் இப்பிடிப் பரம்பரையில வாறது, ஆனா தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த ஜீன் மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மாற்றம் வர 50 வீதச் சாத்தியம், தகப்பன் வழியாலயும் வரும். எங்கட சனம் தாய் பக்கத்தை மட்டும் தான் சொல்லுவினம், அப்பான்ர சகோதரியளைப் பற்றி நாங்களாக் கேட்டால் தான் வரும்.

கேக்கிறது தான் இஞ்ச பெரிய பாடு மச்சி. அம்மம்மா என்னத்தால மோசம்போனவா எண்டால் "வயித்துக்குள்ள கட்டி" எண்டுவினம், அது சூலகமோ குடலோ ஆருக்குத் தெரியும். சித்தி சண்டைக் காலத்துச் செல்லடியில, பெரியம்மா இடம்பெயர்ந்த இடத்தில காய்ச்சல்ல, மாமி காணாமல் போனவா. பேப்பரில கீறிப் பாத்தால் கான்சரே இல்லாத குடும்பம் மாதிரி இருக்கும், ஆனா அவையளைக் கான்சர் வாற வயசுமட்டும் ஆர் இருக்க விட்டது? இதை நினைச்சால் எனக்கு நெஞ்சு அடைக்கும். வெளிநாட்டில எழுதின புத்தகத்தில சொல்லுற மாதிரி "குடும்பத்தில எத்தினை பேருக்கு" எண்டு மட்டும் எண்ணினால் எங்கட பெண்டுகள் கணக்கில விடுபட்டுப் போவினம்.

பிறகு ஒரு குடும்பத்தில லண்டனில இருக்கிற தங்கச்சிக்கு ரிசல்ட் பொசிட்டிவ் எண்டு போன் வரும். இஞ்ச அக்கான்ர மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கும், வெளியில தெரிஞ்சால் குழம்பிடும் எண்டு எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருப்பினம். அந்தப் பிள்ளைக்கு நேரத்தோட தெரிஞ்சால் ரெஸ்ட் எடுத்து, ஜீன் மாற்றம் இருந்தால் வருசாவருசம் மார்புக்கு எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கலாம், பிள்ளைப்பேறு முடிஞ்சாப்பிறகு 35–45 வயசில சூலகத்தை எடுக்கிறதைப் பற்றி டொக்டரோட கதைக்கலாம். ஜீன் மாற்றம் இருந்தால் வருத்தம் கட்டாயம் வரும் எண்டில்ல, அதையும் நாங்கள் தான் பக்கத்தில இருந்து சொல்ல வேணும். ஒருத்தரையும் ரெஸ்டுக்கு வற்புறுத்தக் கூடாது, ஆனா தெரியாமல் இருக்க விடுறதும் எனக்குச் சரியாப் படேல்ல.

இன்னொண்டு, "அர்த்தம் நிச்சயமில்லை" எண்டு, அதாவது ஜீனில மாற்றம் இருக்கு, ஆனா அது கெடுதலோ இல்லையோ தெரியாது எண்டு வாற ரிசல்ட் எங்கட ஆக்களுக்குத் தான் அதிகம், ஏனெண்டால் ஜீன் தரவு கனக்க ஐரோப்பிய ஆக்களிட்ட எடுத்தது. அப்பிடி வந்தால் அதை நம்பி ஒண்டையும் வெட்டக் கூடாது.

உங்கட கிளினிக்கில குடும்ப விபரம் எடுக்கிற படிவம் ஒண்டு அனுப்பு. தமிழில எழுதப் போறன், செத்த வயசு, எப்பிடிச் செத்தவை எண்டு தனிக் கட்டம் போட்டு. நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வரேக்க இருந்து சேர்ந்து திருத்துவம்.

அன்போட,
உன்ர சிநேகிதி