முற்றத்துக்குக் கல் வேண்டாம், மக்களே

அன்பு மகனுக்கு,

முற்றத்துப் புல்லை எடுத்துவிட்டு இண்டர்லாக் கல் பாவிவிட்டால் அம்மாவுக்கு வேலை மிச்சம் என்று பணம் அனுப்பியிருக்கிறாய். உன் அக்கறை எனக்குத் தெரிகிறது. ஆனாலும் கல் வேண்டாம், மக்களே. திட்டுத் திட்டாகச் சொட்டை விழுந்திருக்கிறதே தவிர, அந்தப் புல் சாகவில்லை. அடியில் உள்ள மண்தான் மூச்சு விட வழியில்லாமல் கிடக்கிறது.

மாடி கட்டியபோது ஜல்லியையும் எம்-சாண்டையும் அங்கேதான் குவித்தார்கள். லாரி வந்து போனதும் அந்த வழியாகத்தான். நம் தக்கலைப் பக்கத்துச் சரளை கலந்த செம்மண் ஈரத்தில் மிதிபட்டு வெயிலில் காய்ந்தால் சுட்ட செங்கல் மாதிரி இறுகிவிடும். பிறகு காற்றும் தண்ணீரும் உள்ளே போவதில்லை, வேரும் இறங்குவதில்லை. மழை பெய்த மறுநாள் ஒரு திருப்புளியைக் குத்திப் பார்த்தேன். வேலியோரம் பிடிவரை இறங்கியது. நடுமுற்றத்தில் நுனிகூடச் சரியாக ஏறவில்லை. சொட்டை ஓரத்துப் புல்லைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். வேர்ப்புழு தின்றிருந்தால் புல் கையோடு உரிந்து வந்திருக்கும். வரவில்லை. ஆகவே மருந்துக்கு வேலையில்லை, மண்ணைத் திறந்துவிட்டால் போதும்.

அதற்கு இதுதான் காலம். தென்மேற்கு மழை பிடித்துவிட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இன்னொரு மழை என்று இரண்டுமே நம் குமரி மாவட்டத்துக்கு உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைவித்த மழை, புல்லைக் கைவிடுமா? இப்போது நட்டால் பங்குனி வெயிலுக்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும்.

முதலில் காய்ந்த புல்லையும் சருகையும் வாரி எடுத்தோம். பிறகு வேலைக்கு வந்தவர் கனத்த இரும்புக் கம்பியை ஒரு சாண் இடைவெளியில் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அடித்து, சற்று அசைத்து உருவினார். சேறாக இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது, துளையின் சுவர் வழவழவென்று மூடிக்கொள்ளும். கட்டாந்தரையாக இருந்தாலும் கம்பி இறங்காது. மழை விட்டு ஒரு நாள் கழிந்த பதம்தான் சரி. அந்தத் துளைகளில் ஆற்று மணல், மட்கிய தொழு உரம், மட்கிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து தூவி, துடைப்பத்தால் தள்ளிவிட்டேன். மேலே ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகவிடவில்லை. புல் நுனி வெளியே தெரிய வேண்டும். நார்க்கழிவைப் பச்சையாகப் போட்டால் அது மட்குவதற்கே மண்ணில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொண்டு புல்லைப் பட்டினி போட்டுவிடும். கடற்கரை மணல் சல்லிசாகக் கிடைக்கும் என்றார் ஒருவர். உப்பு மணலை நான் வாசலுக்கே விடமாட்டேன்.

கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்தாயிற்று. இலையை மட்டும் பிடுங்கினால் அது திரும்ப முளைக்கும்.

மழை அதிகம் பெய்யும் செம்மண் பூமியில் சுண்ணாம்புச் சத்து கரைந்து போய் மண் புளித்துவிடும், அதாவது அமிலத்தன்மை ஏறிவிடும். புளித்த மண் மணிச்சத்தை (பாஸ்பரஸை) பிடித்து வைத்துக்கொண்டு வேருக்கு விடாது. திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். புளிப்பை முறிக்க எவ்வளவு டோலமைட் சுண்ணாம்புத் தூள் போடுவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். அது போட்ட கையோடு யூரியா போடக் கூடாது. தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

சொட்டைகளில் வேலியோரத்துப் புல்லையே வேர்மண்ணோடு பெயர்த்து, பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கிறோம். அயனி மரத்தடிக்கு மட்டும் அது சரிவராது. அங்கே நர்சரியில் பஃபலோ புல் என்று விற்கிற அகன்ற இலைப் புல்லை வைத்தேன், அது நிழல் தாங்கும். ஆனாலும் தாழ்ந்த இரண்டு கிளைகளை வெட்டச் சொல்லியிருக்கிறேன். மரத்தை வெட்டு என்று மட்டும் நீ சொல்லிவிடாதே.

இனி வேலை அதிகமில்லை. புது வேர் பிடிக்கும்வரை மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை இந்த மழை செய்துவிடும். பிறகு வெயில் காலத்தில் தினமும் தெளிப்பதைவிட, சில நாளுக்கு ஒருமுறை காலையில் நன்றாக நனையவிட்டால் வேர் கீழே போகும். மாலையில் நனைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் இரவெல்லாம் இலை ஈரமாகவே இருந்து பூஞ்சை வரும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று மிஷின்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒட்ட வெட்டினால் வேரும் குட்டையாகும்.

கல் பாவினால் பெய்யும் மழையில் பெரும்பகுதி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிடும். நம் கிணற்றுக்கு ஊறுவது முற்றத்து வழியாக இறங்கும் நீர்தான். வெயிலில் காய்ந்த கல் ராத்திரிவரை வீட்டுக்குள் அனலை அனுப்பும். மதியத்தில் அதன்மேல் பேரன் எப்படி வெறுங்காலோடு ஓடுவான்? எனக்குச் சிரமம் குறையட்டும் என்று நினைக்கிறாய். காலையில் அந்தப் புல்லில் குனிந்து களை எடுப்பது எனக்குச் சிரமமே இல்லை, மக்களே. அது எனக்குப் பிடித்த வேலை.

கார் சக்கரம் போகும் இரண்டு தடத்துக்கு மட்டும் கல் பதிக்கிறேன். திரும்பவும் மண் இறுகாமல் இருக்க அது தேவைதான். மீதிப் பணத்தை உன் கணக்கில் போட்டுவிடச் சொல்கிறேன். டிசம்பரில் லீவு என்றைக்குத் தொடங்குகிறது என்று எழுது. மருமகளையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா